மெஷினுக்கு நெற்றி எது?

ஓட்டை விழுந்த பயறு இந்தத் தட்டில், விழாத பயறு அந்தத் தட்டில். இப்போதைக்கு இதுதான் அக்கா என் வேலை. நீங்கள் உட்காருங்கள். அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடும், சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். உமா மேடம் மீட்டிங்கில் இருக்கிறார்கள், பன்னிரண்டு மணிக்கெல்லாம் வந்துவிடுவார்கள். நான் பொறுக்கிக்கொண்டே பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கண்ணை எடுத்தால் ஒரு சொத்தை நல்லதோடு போய்விடும். அப்புறம் தட்டு முழுக்க வண்டுதான்.

மடியில் என்ன அக்கா, டப்பா? நத்தையா! உயிரோடா? ஓ, ஓடு மட்டுமா. மெஷினில் வைத்து உள்ளே பார்க்க வந்தீர்களா? பார்க்கலாம், நன்றாகத் தெரியும். போன வியாழக்கிழமை வரைக்கும் அந்த மெஷினுக்குள் கைவிட்டுப் பொருளை நிறுத்தி வைத்ததே நான்தான். இப்போது இல்லை. இப்போது கூட்டுகிறேன், துடைக்கிறேன், பயறு பொறுக்குகிறேன். ஏன் என்று கேட்கிறீர்களா? நீங்கள் கேட்கவில்லை. நானாகத்தான் சொல்கிறேன்.

எனக்குப் பேச வராது அக்கா. நான்கு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறந்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். எட்டாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம். அங்கேயும் டீச்சர் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தாலும் எழுந்து நிற்பேன், நின்றபடியே நிற்பேன், டீச்சருக்கே அலுத்துப்போய் உட்கார் என்று சொல்லிவிடுவார்கள். என் வீட்டுக்காரர் சொல்வார், "உன்னையக் கட்டிட்டு வந்து ஆறு மாசம், ஊமைய ஏமாத்திக் கட்டி வெச்சுட்டாங்களோன்னு நெனச்சேன்" என்று. அப்படிப்பட்ட ஆள் நான். ஆனால் இந்த ஒரு விஷயம் மட்டும் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. காலையில் பவானி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாளிடம் சொன்னேன். தண்ணீர் கேன் போடுகிறவரிடம் சொன்னேன். பால்வாடியில் விடும்போது என் மகளிடம்கூடச் சொன்னேன், அவளுக்கு இரண்டரை வயது. சொல்ல வேண்டியவர்களிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

அந்த மெஷின் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், படித்தவர்கள். எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பார்கள் இல்லையா, அதேதான். ஆனால் ஒரு படத்தோடு விடாது. ஒரு பயறை சின்னக் கம்பத்தின் மேல் நிறுத்தினால், அது இம்மி இம்மியாகத் திரும்பும். திரும்பத் திரும்ப ஒவ்வொரு படம். ஒரு பயறுக்கு ஆயிரம் படத்துக்கு மேல் போகும். எதிரில் ஒரு கறுப்புப் பலகை இருக்கிறது, அதன் மேல்தான் நிழல் விழும். அத்தனையும் வெறும் நிழல் அக்கா, பார்த்தால் ஒரு மண்ணும் புரியாது. கம்ப்யூட்டரில் இருக்கிற சாஃப்ட்வேர்தான் அந்த ஆயிரம் நிழலையும் சேர்த்துக் கணக்குப் போட்டு முழுப் பயறாகத் திருப்பிக் கொடுக்கும். கேரட்டை வில்லை வில்லையாக நறுக்கி, மறுபடி அடுக்கி முழுக் கேரட்டாக்கின மாதிரி. எந்த வில்லையை வேண்டுமானாலும் உருவிப் பார்க்கலாம். பயறு உடையவே உடையாது. உள்ளே புழு எங்கே படுத்திருக்கிறது, எவ்வளவு தின்றிருக்கிறது, எல்லாம் தெரியும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு என் மகளை வயிற்றில் வைத்து ஸ்கேன் பார்த்த ஞாபகம் வந்துவிட்டது. அதேபோலச் சுருண்டு படுத்திருந்தது அந்தப் புழு.

அந்தப் புழுவைத்தான் ஜெஸிம்மா மூன்று வருடமாக ஆராய்ச்சி செய்கிறார்கள். ஜெஸிந்தா என்று பேர், நாகர்கோவில் பக்கம். தட்டப்பயறுக்குள் வண்டு முட்டை வைத்து, புழு வளர்ந்து, ஓட்டை போட்டு வெளியே வருகிற வரைக்கும் நாள்கணக்காகப் படம் எடுத்து வைப்பது. நல்ல மனசு. என்னை "ஏய்" என்று கூப்பிடாத ஆள் இந்தக் கட்டடத்தில் அவர்கள் ஒருவர்தான்.

படம் எடுக்கிறபோது பயறு துளிகூட ஆடக்கூடாது. பசை வைத்தால் பசையும் படத்தில் விழும். முன்பெல்லாம் ஏதோ மெழுகு வைத்துத் திண்டாடுவார்கள். ஒருநாள் நான் ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ராவை விரல் நீளம் வெட்டி, கீழே பஞ்சு, நடுவில் பயறு, மேலே பஞ்சு என்று அடைத்து ஜெஸிம்மா மேஜையில் வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். "இத யாரு செஞ்சது?" என்று சத்தம் கேட்டது. திட்டுவார்களோ என்று மூச்சுவிடவில்லை. எட்டிப் பார்த்து, "கோகிலா, நீயா? இனிமே நீதான் வைக்கணும், எங்க கையில இப்பிடி வராது" என்றார்கள். அன்றையிலிருந்து அது என் வேலை. ஒரு நாளைக்கு ஆறு ஸ்ட்ரா. பஞ்சு கூடினால் பயறு நசுங்கும், குறைந்தால் ஆடும். எவ்வளவு என்று விரலுக்குத்தான் தெரியும், வாயால் சொல்ல முடியாது. என் வாழ்க்கையில் நான்தான் செய்ய வேண்டும் என்று ஒரு வேலை வந்தது அதுதான் அக்கா. பெற்றதும் வளர்த்ததும் வேறு கணக்கு.

சாஃப்ட்வேர் கதைக்கு வருகிறேன். முன்னால் காசு கொடுத்து வாங்கினது ஒன்று இருந்தது. கெடு முடிந்ததும் பூட்டிக்கொண்டது. ஜெஸிம்மா உட்கார்ந்து தேடி, யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிற ஒன்றை இறக்கினார்கள். மெஷினை ஓட்டுகிற சண்முகவேல் அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. "ஓசியில வர்றது எல்லாம் ஒரு சரக்கா? ஓசின்னா ஓட்டையாத்தான் இருக்கும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டு மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் மூன்றும் ஓசியில் வந்ததுதான். மாமியார் காலத்தில் சர்க்கார் கொடுத்தது. இன்றைக்கும் மிக்ஸி தேங்காயை வெண்ணெய் மாதிரி அரைக்கிறது. காசு கொடுத்து வாங்கின குக்கர்தான் இரண்டு மாதத்தில் விசிலைத் துப்பிவிட்டது. இதை நான் சொன்னேனா? சொல்லவில்லை. துடைப்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணனைக் குறை சொல்லவில்லை அக்கா. இருபது வருட சர்வீஸ், முழங்கால் வலி, பாவம். குனிய முடியாது. அதனால்தான் மெஷினுக்குள் பொருளை வைக்கிறது, துடைக்கிறது எல்லாம் என்னிடம் விட்டார். அவர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து பொத்தானை அழுத்துவார். ஜெஸிம்மாவுக்கு அந்த அறைக்குள் ஏ.சி. குளிர் ஒத்துக்கொள்ளாது, தும்மல் பிடித்துக்கொள்ளும், அவர்கள் பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் முன்னால்தான். உமா மேடம் பெரிய ஆட்கள் யாராவது வந்தால் மட்டும் கதவு வரைக்கும் வருவார்கள். ஆக, அந்த மெஷினின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தினம் பார்க்கிற ஆள் நான் ஒருத்திதான்.

ஆயுத பூஜை வந்தது. அண்ணன்தான் பொறுப்பு. "அம்மிணி, எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வெச்சுரு, ஒண்ணையும் விட்டுராத, போன வருசம் பிரிண்டர விட்டதுக்கு அது வருசம் பூரா பேப்பரத் தின்னுது" என்றார். நானும் வைத்தேன். ஏ.சி.க்கு, கம்ப்யூட்டருக்கு, சாவிக் கொத்துக்கு, பிரிண்டருக்கு இரண்டு. மெஷினுக்கு வெளிக்கதவில் பெரியதாக ஒன்று. அப்புறம் யோசித்தேன். வெளிக்கதவு வெறும் தகரம்தானே, அது மெஷினின் சட்டை மாதிரி. சட்டைக்கா பொட்டு வைப்பார்கள்? நெற்றிக்கு வைக்க வேண்டாமா? மெஷினுக்கு நெற்றி எது? எதற்கு எதிரே எல்லாம் நிற்கிறதோ, எது எல்லாவற்றையும் பார்க்கிறதோ அதுதான். கதவைத் திறந்து, உள்ளே அந்தக் கறுப்புப் பலகையில், நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி, சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரே ஒரு பொட்டு. சந்தனம் வைத்து மேலே குங்குமம். அழகாக இருந்தது அக்கா. பொரி கடலை கொடுத்தார்கள், ஜெஸிம்மா ஓரமாக நின்று பொரி மட்டும் வாங்கிக்கொண்டார்கள். எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

பூஜை முடிந்து அடுத்து எடுத்த படத்திலிருந்து வட்டம்.

ஆமாம், வட்டம். குளத்தில் கல்லைப் போட்டால் வருமே, அது மாதிரி. பயறை வில்லை வில்லையாகப் பார்த்தால் நடு வில்லைகளில் எல்லாம் ஒரு வெளுத்த வளையம். புழுவின் மேலேயே போய் உட்கார்ந்துகொண்டது. ஜெஸிம்மா தலையில் கையை வைத்துக்கொண்டார்கள். அண்ணன் சிரித்தார். "நான் சொல்லல? ஓசிச் சரக்கு. இன்னைக்கு வட்டம் போடும், நாளைக்குக் கோலம் போடும்" என்றார். மேடமும், "ஜெஸிந்தா, அவங்களுக்கு எழுதிக் கேளு. உங்க சாஃப்ட்வேர்ல கோளாறுன்னே எழுது" என்றுவிட்டார்கள்.

எழுதினார்கள். அதைச் செய்கிறவர்களில் ஒரு பெண்தான் பதில் போட்டார். பேர் இங்கிரிட். ஏதோ பனி பெய்கிற ஊர். மேடம் கேட்டதால் ஜெஸிம்மா அந்தப் பதிலைத் தமிழில் வாசித்துச் சொன்னார்கள், நான் டீ கொடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். "குழந்தைக்குக் காய்ச்சல், அதனால் ஒரு நாள் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள்" என்று ஆரம்பித்திருந்தார். கோளாறு என்று எழுதினதற்குக் கோபமே இல்லை. டம்ளரை எடுக்கும்போது ஜெஸிம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன், "அவங்களுக்கு யாருங்க சம்பளம் குடுக்கறாங்க?" "யாரும் இல்ல கோகிலா. வேற வேலைக்குப் போறாங்க. இத சும்மாத்தான் செய்றாங்க." காய்ச்சல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, எங்கேயோ இருக்கிற எங்கள் தட்டப்பயறுக்குச் சும்மா பதில் எழுதுகிறார்களே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் என்ன எழுதியிருந்தார் என்றால், பொருள் ஆடினால் விளிம்பு இரண்டிரண்டாகத் தெரியும், வட்டம் வராது. வட்டம் வந்தால் பலகையின் மேல் அசையாமல் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. தூசி, கறை, ஏதோ ஒன்று. பொருள் திரும்பும், அது திரும்பாது, அதனால் வட்டமாக இழுபடும். அப்படியே இருந்தாலும் பயமில்லை, தினமும் காலையில் பொருள் எதுவும் வைக்காமல் வெறும் படம் ஒன்று எடுத்து வைத்துக்கொண்டால் சாஃப்ட்வேர் அந்தக் கறையைக் கழித்துவிடும். நீங்கள் தினமும் வெறும் படம் எடுக்கிறீர்களா? பலகையைப் பார்த்தீர்களா? இரண்டே கேள்வி.

முதல் கேள்விக்கு அண்ணன், "அதெல்லாம் டெய்லி எடுக்கறனுங் மேடம்" என்றார்.

இதை உங்களிடம் சொல்லலாமா என்று தெரியவில்லை. காலையில் அறையைத் திறக்கிற ஆள் நான். அண்ணன் வெறும் படம் எடுத்து நான் பார்த்து எவ்வளவோ நாளாயிற்று. பூஜைக்கு முன்னால் எடுத்த ஒன்றையே தினமும் காப்பி செய்து போட்டுக்கொள்வார். அரை மணி நேரம் மிச்சம், டீ குடிக்கலாம். பாவம், முழங்கால் வலி. அவரைப் போய்க் காட்டிக்கொடுக்கலாமா? பெரியவர். இந்த விஷயத்தில் அதற்கும் இதற்கும் சம்பந்தமும் இல்லை. தப்பு செய்தவள் நான். அதை விடுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மேடம், ஜெஸிம்மா, அண்ணன் மூன்று பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள், நான் நிற்கிறேன். மேடம் கேட்டார்கள், "கோகிலா, உள்ள அந்த பிளேட் மேல ஏதாவது அழுக்கு, கறை இருக்கா?"

நான் தினமும் துடைக்கிற பலகை அக்கா. பொட்டை மட்டும் விட்டுச் சுற்றிச் சுற்றித் துடைப்பேன். ஒரு தூசி கிடையாது.

"அழுக்கு எதுவும் இல்லீங் மேடம்" என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"தினமும் பாக்கறனுங்."

நான் பொய் சொல்லவில்லை. நீங்களே சொல்லுங்கள், சாமி படத்தில் இருக்கிற பொட்டை யாராவது கறை என்பார்களா? உங்கள் நெற்றியில் இருக்கிறதே, அதை அழுக்கு என்று நான் சொன்னால் சும்மா விடுவீர்களா? பொட்டு இருக்கிறதா என்று கேட்டிருந்தால் இருக்கிறது என்று சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அதைவிட ஒரு கூத்து சொல்கிறேன், சிரிக்காதீர்கள். வட்டம் போகட்டும் என்று நான் வேண்டிக்கொண்டு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பழைய பொட்டை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தேன். மூன்றாவது வாரத்திலிருந்து கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன்.

கறை இல்லை என்று ஆனதும் அந்த இங்கிரிட் சொன்னது எடுபடவில்லை. அண்ணன் சொன்னதுதான் நின்றது. "சாஃப்ட்வேர் ஓசி, வெக்கற கை எட்டாங்கிளாஸ். ரெண்டுல ஒண்ணு, இல்லாட்டி ரெண்டும். அம்மிணி கொழந்தை நெனப்புல ஏனோதானோன்னு பஞ்சடைக்குது, உள்ள போய் ஆடுது." ஜெஸிம்மா, "ஆடினா இப்பிடி வராதுன்னு எழுதியிருக்காங்க சார்" என்று சொல்லிப் பார்த்தார்கள். "இருவது வருசமா நான் பாக்காத ஆட்டமா?" அவ்வளவுதான், பேச்சு அதோடு முடிந்தது. மார்கழி முடிந்தது, பொங்கல் முடிந்தது, வட்டம் போகவில்லை. போன வியாழக்கிழமை மேடம் சொல்லிவிட்டார்கள், "கோகிலா இனி சாம்பிள் தொட வேண்டாம். சண்முகவேல் வெப்பாரு."

என் ஸ்ட்ரா கட்டு, பஞ்சு, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு அண்ணன் மேஜையில் வைத்தேன். கை ஆடுகிறதாம். இந்தக் கையா அக்கா? பாருங்கள். இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கிறேன், ஒரு பயறு தட்டு மாறி விழுந்திருக்கிறதா?

மறுநாள் வெள்ளிக்கிழமை. அண்ணன் லீவு. பக்கத்து அறையைத் துடைக்கப் போனேன். ஜெஸிம்மா அச்சடித்த படங்களைத் தேதி வாரியாகச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார்கள். "எனக்கு ஒண்ணும் மனசிலாவல கோகிலா. இந்தா பாரு. ஒரு வாரம் முழுக்க வட்டம் ஒரே இடத்துல நிக்குது. வெள்ளிக்கெழம ஆனா இடம் மாறுது. அடுத்த வெள்ளிக்கெழம மறுபடி மாறுது. வரவரத் தடிக்க வேற செய்யுது. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம இந்த மெஷினுக்கு என்னதான் ஆகுது?"

வாளித் தண்ணீர் காலில் கொட்டிவிட்டது அக்கா.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நாக்கு ஒட்டிக்கொண்டது. நேரே போய் மெஷினைத் திறந்து, ஈரத்துணியால் அந்தப் பொட்டை அழுத்தித் துடைத்தேன். சாமி குற்றமோ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பலகை பளிச்சென்று ஆகிவிட்டது. சரி, இனி வட்டம் வராது, எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள், என்னையும் மறுபடி வைக்கச் சொல்லுவார்கள் என்று நினைத்தேன். எவ்வளவு புத்திசாலி பாருங்கள்.

திங்கட்கிழமை அண்ணன் முதல் தடவையாகத் தானே ஸ்ட்ராவில் பயறை அடைத்து, முனகிக்கொண்டே குனிந்து வைத்தார். படம் வந்தது. வட்டம் இல்லை. கண்ணாடி மாதிரி இருந்தது.

"பாத்தீங்களா மேடம்! கை மாறுச்சு, வட்டம் போச்சு!"

ஊரே சாட்சி. இனி யார் சொல்லி யார் நம்புவது? நான் என் கையாலேயே என் மேல் முத்திரை குத்திக்கொண்டேன். மேடம்கூட என்னைப் பார்த்துப் பாவமாகச் சிரித்தார்கள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

சரி, என் வேலை போனது போகட்டும், பயறு பொறுக்கிக்கொண்டு இருந்துவிடுகிறேன் என்றால், விஷயம் அதோடு நிற்கவில்லை. மூன்று மாதப் படம் இருக்கிறதே, வட்டம் விழுந்தது. அத்தனையும் ஜெஸிம்மாவின் உழைப்பு. அந்த ஓசி சாஃப்ட்வேரிலேயே வட்டத்தை எடுக்கிற வழி இருக்கிறதாம். ஜெஸிம்மா ஒரு படத்தில் எடுத்தும் காட்டினார்கள், புழு தெளிவாகத் தெரிந்தது. மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. "எதனால வந்துச்சுன்னு தெரியாம அதத் தொடச்சா அது திருட்டு மாதிரி. ஆய்வேட்டுல என்ன எழுதுவ? கறைன்னா கறைன்னு எழுது, தொடச்சுக்க. ஆடின சாம்பிள்னா அத்தனையும் குப்பை. ஆட்டம்னுதான் இப்ப தெரிஞ்சு போச்சே. அழிச்சிட்டுப் புதுசா எடு." மேடம் சொல்வதும் ஞாயம்தான். ஆனால் புதிதாக எதை எடுப்பது? அந்தப் பயறுகளில் இருந்த புழுவெல்லாம் வண்டாகிப் பறந்து போய்விட்டது. மறுபடி விதைத்து, அறுத்து, வண்டு விட்டு... ஜெஸிம்மாவுக்குக் கொடுத்த காலம் சித்திரையோடு முடிகிறது. நேற்று மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து, அப்படியே மூடி வைத்துவிட்டார்கள்.

இன்றைக்கு அழிக்கிறார்கள் அக்கா. கம்ப்யூட்டரில் இடம் இல்லையாம். உங்கள் நத்தைக்கு ஆயிரம் ஆயிரமாகப் படம் எடுத்தால் எங்கே வைப்பது? அதனால் மேடம் வந்ததும் முதல் வேலை அதுதான். உங்களைக் குறை சொல்லவில்லை. நத்தை என்ன செய்யும்?

காலையில் உங்களைப் பார்த்ததும் ஒன்று யோசித்தேன், சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. கேன்டீனில் உளுந்து வடை நன்றாக இருக்கும், நீங்கள் போய் நிதானமாக ஒரு வடை, ஒரு காபி சாப்பிட்டு, அப்படியே பஸ் ஏறி, இன்னொரு நாள் வந்தால்... இன்றைக்கு அழிக்க வேண்டிய அவசியம் இருக்காது. நாளைக்குள் எனக்குத் தைரியம் வந்துவிடும். வராதுதான். வெள்ளிக்கிழமையில் இருந்து நாளைக்கு நாளைக்கு என்றுதான் இருக்கிறேன்.

சொன்னால் என்ன ஆகும்? அதையும் யோசித்தேன். மெஷினை நாசம் பண்ணப் பார்த்தாள் என்பார்கள், கூட்டுகிற வேலையும் போகும். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், பட்டினி கிடக்க மாட்டோம். அது இல்லை அக்கா. மேடம் கேட்டபோது இல்லை என்று சொன்னேனே, பொய்க்காரி என்பார்கள். ஜெஸிம்மா வேறு வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். என் மெஷின் மேல் வேண்டுமென்று வைத்தாயா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டால் நான் எங்கே போய் நிற்பேன்? அவர்கள் அப்படிப் பார்க்கிற ஆள் இல்லை. இருந்தாலும்.

அந்த இங்கிரிட்டைத்தான் நினைத்துக்கொள்கிறேன். முகம் தெரியாத ஆட்கள் கோளாறு என்று எழுதுகிறார்கள், கோபப்படாமல், கறை இருக்கிறதா பாருங்கள் என்று கேட்கிறார். கேட்ட கேள்விக்குப் பதில் என் ஒருத்தியிடம்தான் இருக்கிறது. உலகத்திலேயே என் ஒருத்தியிடம். எட்டாவது வகுப்பில் நின்ற மாதிரி நின்றுகொண்டே இருக்கிறேன்.

எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். கேட்கிறீர்களா? "மேடம், அது ஆட்டம் இல்லீங். பூஜை அன்னைக்கு நான் உள்ள பலகை மேல பொட்டு வெச்சனுங். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம மாத்தி வெச்சனுங். வேணும்னா தேதி பாருங்க, செவுத்துல ஒட்டியிருக்கு." இவ்வளவுதான். மூன்று மூச்சு. தண்ணீர் கேன்காரரிடம் திக்காமல் சொன்னேன். அவர், "அதுக்கு என்ன இப்ப, காலி கேன எடு" என்றார்.

"கோகிலா!"

மேடம் குரல். மீட்டிங் முடிந்துவிட்டதா? மணி பன்னிரண்டு ஆகவில்லையே.

"கோகிலா, அந்த நத்தை மேடத்த உள்ள வரச் சொல்லு. ஜெஸிந்தா, செலக்ட் பண்ணிட்டியா? எல்லாத்தையும் பண்ணு, ஒண்ணு ஒண்ணாப் பாக்காத."

வர்றோமுங் மேடம்! அக்கா, இந்தத் தட்டைப் பிடியுங்கள், கலந்துவிடப் போகிறது. இல்லை, நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். கொஞ்ச நேரம் மட்டும் உட்கார்ந்திருங்கள், காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன். நான் முதலில் போகிறேன். உள்ளே போய் நான் மரம் மாதிரி நின்றுவிட்டால் நீங்கள் வந்து ஒரு வார்த்தை... வேண்டாம், வேண்டாம். நீங்கள் சொன்னால் நீங்கள் பார்த்ததாகவா ஆகும்? பார்த்தவள் நான். நானே போகிறேன். ஜெஸிம்மா, அந்தப் பொத்தான அமுக்காதீங்க, இருங்க, மேடம், நான் ஒண்ணு சொல்லோணும், அன்னைக்கு நீங்க கேட்டப்ப நான் இல்லீன்னு சொன்னது, அது அழுக்கு இல்லீங்களே தவிர, அந்தப் பலகை மேல நான்